ஆஸ்பத்திரிப் பலகைக்குத் தத்துவம் எதற்கு?

கேள்வி: டிசைன் படித்துவிட்டு சேலத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டிப் பலகை, டோக்கன் சீட்டு, மாத்திரைக் கவர் எல்லாம் வடிவமைக்கும் வேலை வந்திருக்கிறது. அங்கே வருகிறவர்களில் பலர் ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்குகிறவர்கள். “கதை சொல்ற மாதிரி இருக்கணும்” என்கிறார் நிர்வாகி. வரவேற்பறைச் சுவரில் ஏரியும் காபிப் பூவும் வரையச் சொல்கிறார். கல்லூரியில் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர், கதைக் கோட்பாடு என்றெல்லாம் படித்தேன். “அதெல்லாம் பரீட்சையோட சரி” என்கிறார் என் சீனியர். உண்மையில் வேலைக்கு உதவுமா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: உதவும். ஆனால் உங்கள் சீனியர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எழுத்துரு எது, நிறம் எது, அம்புக்குறி எவ்வளவு பெரிது என்று எந்தத் தத்துவமும் சொல்லித் தராது. நாம் பார்க்காமல் விட்டது எது என்று காட்டும். அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம்.

ஹைடெக்கர் 1927-ல் எழுதிய நூலில் ஒரு சுத்தியல் வருமே, நினைவிருக்கிறதா? வேலை மும்முரத்தில் இருப்பவருக்குச் சுத்தியல் மனதிலேயே இருக்காது. பிடி கழன்றாலோ, தேடும்போது கிடைக்காமல் போனாலோதான் அது ஒரு பொருளாகக் கண்முன் வந்து நிற்கும். ஒரு காலை முழுக்க அந்த ஆஸ்பத்திரியில் நின்று பாருங்கள். யார் எந்த இடத்தில் நடையை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறார்கள், யார் செக்யூரிட்டியிடம் வழி கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடி கழன்ற இடங்கள் அவை. கட்டட வரைபடத்தைப் பார்த்து மூலைக்கு ஒரு பலகை போடுவதைவிட, அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது கதை. நிர்வாகி கேட்பது வெறும் படம். இதற்குத் தொல்காப்பியத்தைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், பறவை, உணவு, தொழில் போன்றவை கருப்பொருள். மனிதருக்கு உள்ளே நிகழ்வது உரிப்பொருள். பாடலில் இவை ஒன்றைவிட ஒன்று சிறந்தவை. உரியே எல்லாவற்றிலும் சிறந்தது. ஏரியையும் காபிப் பூவையும் வரைந்தால் முதலும் கருவும் வந்துவிடும். உரி எங்கே? மலையிலிருந்து வருகிறார் என்பதற்காக அவர்மேல் குறிஞ்சியைப் பூசிவிடுகிறோம். ஆனால் டோக்கனைக் கையில் பிடித்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு நிகழ்வது இருத்தல், அதாவது முல்லையின் காத்திருப்பு. ஸ்கேனில் என்ன வருமோ, தோட்டத்தில் இன்றைய கூலி போச்சே, கடைசி பஸ்ஸுக்குள் முடியுமா? இந்தக் காத்திருப்புக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தால், உங்கள் கவனம் சுவரை விட்டு டோக்கன் சீட்டுக்கு வந்துவிடும்.

பிரெஞ்சுத் தத்துவவாதி பால் ரிக்கோர், கதையையும் காலத்தையும் பற்றி 1983-லிருந்து 1985-க்குள் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். மூன்றையும் இப்போதே படிக்க வேண்டாம். முதல் தொகுதியில் அவர் சொல்லும் மூன்று கட்டங்கள் போதும். கதை தொடங்குமுன்பே கேட்பவரிடம் இருக்கும் உலக அனுபவம் ஒன்று. சிதறிய நிகழ்வுகளைக் கோத்துக் கதையாக்குவது இரண்டு. கேட்டவர் தன் வாழ்க்கைக்குத் திரும்பிய பிறகு கதை அங்கே என்ன செய்கிறது என்பது மூன்று. டிசைன்காரர்கள் நடுக்கட்டத்திலேயே குடியிருந்துவிடுகிறோம்.

உங்கள் ஆட்களிடம் முன்பே என்ன இருக்கிறது? ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண். இது எத்தனையாவது, இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். டோக்கன் சீட்டிலும் அப்படியே போடலாம்: 1 சீட்டு, 2 டாக்டர், 3 ரத்தப் பரிசோதனை, 4 மறுபடி டாக்டர், 5 மருந்து. நான்காவது படி இருப்பதே தெரியாமல், ரத்தம் கொடுத்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. முன்னதிலிருந்து பிறந்து பின்னதைப் பிறப்பிப்பதுதான் கதையின் நடு என்று அரிஸ்டாட்டில் சொன்னது இந்த இடத்தில்தான் உதவும்.

மாத்திரைக் கவர் மூன்றாம் கட்டம். உங்கள் மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம் என்பேன். இரவில், மலையில் ஒரு வீட்டில், மங்கிய வெளிச்சத்தில் யாரோ கவரைப் புரட்டி எந்த மாத்திரை என்று தேடுவார்கள். 1-0-1 என்ற கிறுக்கல் அங்கே யாருக்குப் புரியும்? காலை, மதியம், இரவு என்று பெரிய கட்டங்கள், சூரியன், நிலா படங்கள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும், இவை எல்லாம் வேண்டும். பார்மசியில் இருப்பவர் அவசரத்தில் டிக் போட்டாலும் மை இழுகாத தாளாகவும் இருக்க வேண்டும். பலகைக்குக் கேட்பதைவிட இதற்கு அதிகப் பணம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

படித்ததை நம்பி நேராக அக்ரிலிக் வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். வடிவமைப்பு என்பது சூழலோடு நடக்கும் உரையாடல், நாம் ஒன்று செய்தால் அது பதில் பேசும் என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-ல் எழுதினார். எல்லாவற்றையும் ஏ4 தாளில் அச்செடுத்து, செலோடேப் போட்டு ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். சூரியன் படத்தைப் பார்த்து ஒரு பாட்டி “மாத்திரையை வெயில்ல வைக்கணுமா கண்ணு?” என்று கேட்டால், படத்தை மாற்றுங்கள். பாட்டிக்கு விளக்கம் சொல்லி அனுப்பாதீர்கள்.

நிர்வாகியிடம் இந்தப் பெயர்கள் எதுவும் வேண்டாம். முதல் பஸ்ஸிலிருந்து இரவு மாத்திரை வரை ஒருவருடைய நாளை ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதற்கு நீங்கள் செய்யப்போவதைக் குறித்துக் கொடுங்கள். அவர் கேட்ட கதை அதில் இருக்கும். சுவர் ஓவியமும் வேண்டும் என்றால் வரையுங்கள். பெஞ்சுகளை அதைப் பார்த்தபடி திருப்பிப் போடச் சொல்லி, ஏரிக்குக் கீழே ஏற்காடு பஸ் நேரங்களைக் கடைசி பஸ் வரை பெரிதாக எழுதிவிடுங்கள்.