புஷிதோ படித்துவிட்டு ஒசாகா வரும் தம்பிக்கு

தம்பி, ஏப்ரலில் வேலைக்காக ஒசாகா வருவதாகவும், அதற்குள் ஜப்பானியர் மனசு பிடிபட வேண்டுமென்று சாமுராய் நெறி பற்றிய புஷிதோ, ஹகாகுரே, ஒகாகுராவின் தேநீர் நூல் மூன்றையும் ஆங்கிலத்தில் வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை போதுமா, வேறு என்ன படிக்கலாம் என்பது கேள்வி. கூடவே வாடகை, சைவச் சாப்பாடு, வரி. அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒன்று: காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் உள்ளே மீன் சாறு இருக்கும், கேட்டுவிட்டுக் குடியுங்கள். புத்தக விஷயத்துக்கு வருவோம். எனக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் அதில்தான்.

முதலில் புஷிதோ. நிதோபே இனாஸோ அதை எழுதியது ஜப்பானில் இல்லை. உடம்பு சரியில்லாமல் அமெரிக்காவில், கலிஃபோர்னியா பக்கம் ஓய்வில் இருந்தபோது ஆங்கிலத்தில் எழுதினார்; 1899இல் வெளிவந்தது. அவர் குவேக்கர் கிறிஸ்தவர், மனைவி அமெரிக்கப் பெண்மணி. பள்ளியில் மதப் பாடம் கிடையாது என்றால் பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தை எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்று ஒரு பெல்ஜியப் பேராசிரியர் கேட்டாராம். அந்தக் கேள்விதான் இந்தப் புத்தகத்துக்கு விதை, முன்னுரையில் அவரே சொல்கிறார். வாள் தரிக்கத் தடை வந்தது 1876இல். ஆக, புத்தகம் அச்சாகும்போது வாள் கட்டிய சாமுராய் ஒருவரும் தெருவில் இல்லை. தேநீர் நூலும் அதே கதைதான், 1906இல் மேலைநாட்டு வாசகர்களுக்காக ஆங்கிலத்திலேயே எழுதியது. (ஒகாகுரா அதற்குச் சில வருஷம் முன்பு கல்கத்தா வந்து விவேகானந்தரையும் தாகூரையும் பார்த்துப் பழகியவர். நம் ஆட்கள் அதையெல்லாம் பேசுவதே இல்லை.) இரண்டும் நல்ல புத்தகங்கள், மறுக்கவில்லை. ஆனால் வெளியாள் வருகிறான் என்று தெரிந்து பெருக்கி வைத்த முன்கூடம் அது. அடுக்களை உள்ளே இருக்கிறது.

ஹகாகுரே வேறு மாதிரி. அது நிஜமாகவே உள்ளூர்ச் சரக்கு, அதிலும் சாகா பக்கத்து நபேஷிமா ஆட்சிப்பகுதிக்குள் மட்டும் கைமாறிய சரக்கு. 1710ஐ ஒட்டிய வருஷங்களில் யமமோதோ ட்சுனெதோமோ என்ற ஓய்வுபெற்ற சாமுராய் சொல்லச் சொல்ல ஓர் இளைஞர் குறித்துக்கொண்டது. ட்சுனெதோமோ நாட்டில் போர் ஓய்ந்த பிறகு பிறந்த மனிதர். எஜமான் செத்தால் கூடவே உயிரை விடுவதற்கும் தடை வந்துவிட்டதால், தலையை மழித்துக்கொண்டு துறவியானார். சாவைப் பற்றி அவ்வளவு வீரமாகப் பேசுவது அந்த மனிதர்தான். 1930, 40களில் ராணுவ ஆட்சிக்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது, நாடு முழுக்கப் பரப்பினார்கள். அதே புத்தகத்தில் நாலு பேர் முன்னால் கொட்டாவி வந்தால் என்ன செய்வது என்றும் எழுதியிருக்கிறது: நெற்றியை மேல்நோக்கித் தடவு, நிற்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு உதட்டை நக்கு. மதியம் இரண்டு மணி மீட்டிங்கில் நான் செய்து பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறது. அந்தப் புத்தகத்தில் உங்கள் ஆபீஸுக்கு உதவப் போவது அநேகமாக அந்த ஒரு பக்கம்தான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இங்கே நம்மவர்களில் ஒரு ரகம் உண்டு. வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்காது, எந்த நாளில் எந்தக் குப்பை போட வேண்டும் என்று தெரியாது, ஆனால் ஜப்பானிய மேனேஜரிடம் சாமுராய் நெறி பற்றிப் பாடம் எடுப்பார்கள். அந்த மனிதர் 'அப்படியா, ரொம்ப நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்' என்று தலையாட்டுவார். அவருடைய பாட்டன் முப்பாட்டன் விவசாயியாகத்தான் இருந்திருப்பார், மக்களில் பெரும்பாலோர் அவர்கள்தானே. இன்னொரு ரகம், தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழி வந்தது என்று முதல் பார்ட்டியிலேயே ஆரம்பிக்கும். ஓனோ சுசுமு பெரிய அறிஞர், அந்த உறவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதினார், உண்மைதான். ஆனால் மொழியியல் அறிஞர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. இந்தியர்கள் நிறைய இருக்கும் தோக்கியோவின் நிஷி-கசாயில் பத்து வருஷம் இருந்தும் பக்கத்து வீட்டுப் பெயர் தெரியாதவர்களை இந்த இரண்டு ரகத்துக்கும் மேல் என்பேன். அவர்கள் பேசாமலாவது இருக்கிறார்கள்.

சரி, என்ன படிப்பது? இங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்காக முணுமுணுக்கும் பழைய புத்தகங்களைப் படியுங்கள். முக்கியமாக இரண்டு: காமோ நோ சோமெய் 1212இல் எழுதிய ஹோஜோகி, கென்கோ என்ற துறவி 1330ஐ ஒட்டி எழுதிய ட்சுரெசுரெகுசா. இரண்டும் சேர்ந்து ஒரே பெங்குவின் புத்தகமாக, மெரடித் மெக்கின்னி மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. கென்கோவுக்கு டொனால்ட் கீன் செய்த பழைய மொழிபெயர்ப்பும் உண்டு. எதை வாங்கினாலும் முன்னுரையையும் அடிக்குறிப்பையும் தாண்டிப் போகாதீர்கள். யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்பது அங்கேதான் இருக்கும். மொழிபெயர்ப்பாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜப்பானின் பழம்பெரும் புராண வரலாற்று நூலான கொஜிகியை 1882இல் மொழிபெயர்த்த சேம்பர்லின், விரசமாகப் பட்ட இடங்களை லத்தீனில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆர்தர் வேலி, அரண்மனைக் காலத்துப் பழைய நாவலான கெஞ்சி கதையில் ஒரு அத்தியாயத்தையே விட்டுவிட்டார்.

ஹோஜோகியில் 1185 நிலநடுக்கம் வருகிறது. பின்னதிர்வுகள் முதலில் ஒரு நாளைக்கு இருபது முப்பது, அப்புறம் நாலைந்து, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைந்து மூன்று மாதம் நீடித்ததை எழுதுகிறார். முதலில் எல்லோரும் உலகம் நிலையில்லாதது என்று பேசினார்களாம், வருஷங்கள் போனதும் அதை வாயெடுத்துச் சொல்ல ஆளில்லையாம். 2011 மார்ச் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் நடந்தது அச்சு அசல் அதுதான்.

கென்கோ விஷயம் எனக்குக் கொஞ்சம் சொந்தம். நான் வந்திறங்கியது ஒரு ஜனவரி, கையில் ஒரே ஒரு ஸ்வெட்டர். திருநெல்வேலிக்காரனுக்கு அதுவே அதிகம் என்று நினைத்து வீட்டில் வைத்து விட்டார்கள். கவாசாகியில் பழைய மரக் கட்டடத்தில் ஆறு தாதாமி (தரையில் விரிக்கும் பாய்) அளவு அறை. ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. காலையில் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்து நிற்கும், துண்டால் துடைத்துப் பிழிந்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடவில்லை. இவ்வளவு பணக்கார நாட்டில் ஒரு வீட்டைச் சூடாகக் கட்டத் தெரியாதா என்று தினமும் திட்டுவேன். வாரம் ஒருமுறை சமூகக் கூடத்தில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாக ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்தார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் கென்கோவின் 55ஆம் பகுதியை எளிய ஜப்பானியத்தில் எழுதி எடுத்து வந்தார். வீடு கட்டினால் கோடையை மனதில் வைத்துக் கட்டு, குளிர்காலத்தில் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம், வெக்கையில் மோசமான வீட்டில் இருப்பதுதான் தாங்காது என்கிறார் கென்கோ. எழுநூறு வருஷமாக என்னைக் குளிரில் நடுங்க வைக்கும் ஆள் இவர்தானா என்று கேட்டேன், வகுப்பே சிரித்தது. ஒசாகாவின் ஆகஸ்டை ஒருமுறை பாருங்கள், கென்கோ சொன்னதில் நியாயம் இருப்பது தெரியும். ஆகவே வீடு பார்க்கும்போது இரட்டைக் கண்ணாடி ஜன்னலா என்று கேளுங்கள். வாடகைக் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

ஒசாகா போகிறவர் அந்த ஊர்க் கதைக்காரர் சைக்காகுவையும் விடக் கூடாது. 1688இல் வந்த அவருடைய வணிகர் கதைகளில், ஒசாகாவின் கிதஹாமாவில் அரிசி இறக்கும் இடத்தில் சிந்திக் கிடப்பதைக் கூட்டி அள்ளியே காசு சேர்த்த ஒரு கைம்பெண் வருகிறார், மகன் வட்டிக்கு விட்டுப் பெரிய ஆளாகிறான். அந்த ஊர் மனசுக்கு எந்தச் சாமுராயை விடவும் அந்த அம்மாள் கிட்டத்தில் இருக்கிறார்.

அந்த வகுப்பில் பிறகு 117ஆம் பகுதியும் படித்தோம். கூடாத நண்பர்கள் ஏழு பேர்: பெரிய பதவிக்காரர், இளவயசுக்காரர், நோயே வராத முரட்டு உடம்புக்காரர், குடிகாரர், வீராவேசமான போர்வீரர், பொய்யர், பேராசைக்காரர். நல்ல நண்பர்கள் மூன்றே பேர். வைத்தியரும் அறிவாளியும் அதில் உண்டு, ஆனால் முதல் இடம் பொருள் கொடுப்பவருக்கு! அன்றிலிருந்து ஊருக்குப் போய்த் திரும்பும் யாரும் வகுப்புக்கு வெறுங்கையோடு வர முடியவில்லை. வியட்நாம் பெண் முந்திரி கொண்டு வந்தாள், நான் கோவில்பட்டி கடலை மிட்டாய். டீச்சர் அதைச் சுத்தியல் வைத்து உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். நீங்களும் நாலு பாக்கெட் கூடுதலாக எடுத்து வாருங்கள், ஆபீஸில் முதல் நாளே தேவைப்படும். தனித்தனித் தாளில் சுற்றியதாகப் பார்த்து வாங்குங்கள்.