நான்கு வளைவும் 3-இல் வெட்டினால்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளின் கணக்குத் தாளில் நான்கு இருபடிச் சார்புகளை நான்கு வரைபடங்களோடு பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள்: எக்ஸ்² − 4எக்ஸ் + 3, எக்ஸ்² + 4எக்ஸ் + 3, எக்ஸ்² − 2எக்ஸ் + 3, 2எக்ஸ்² − 4எக்ஸ் + 3. அட்டவணை போட்டால் நேரம் போதவில்லை. பார்த்துப் பொருத்தினால் முதல் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன, கடைசி இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. வேறு வழி உண்டா?

வி.

அன்புள்ள வி.,

தாள் எடுத்தவர் கெட்டிக்காரர். எல்லோரும் முதலில் பார்க்கும் இரண்டு வழிகளையும் அடைத்துவிட்டார். வர்க்க உறுப்பின் கெழு (அதன் முன்னால் நிற்கும் எண்) நான்கிலும் மிகை, எனவே எல்லாமே மேல்நோக்கித் திறக்கும். மாறிலி நான்கிலும் 3, எனவே எல்லாமே ஒய் அச்சை 3-இல்தான் வெட்டும். மிச்சம் நடு உறுப்பு. −4 என்று கண்டதும் பிள்ளைகளின் கை இடப்பக்கம் போய்விடுகிறது, தவறு அங்கேதான்.

நடுக் கெழு முனை, அதாவது வளைவு திரும்பும் புள்ளி, இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. வளைவு ஒய் அச்சைத் தாண்டும் புள்ளியில் அதன் சாய்வு எவ்வளவு என்று சொல்கிறது. படத்தின் மேல் இடமிருந்து வலமாக விரலை ஓட்டச் சொல்லுங்கள். −4 என்றால் அச்சைத் தாண்டும்போது விரல் இறங்கிக்கொண்டிருக்கும். அடிப்புள்ளி இனிமேல்தான் வரும், ஆகவே முனை வலப்பக்கம். +4 என்றால் விரல் ஏறிக்கொண்டிருக்கும்; முனையை இடப்பக்கமே கடந்தாயிற்று. ‘கெழுக்களின் குறி ஒன்றானால் இடம், வேறானால் வலம்’ என்ற விதியும் சரிதான், ஆனால் தேர்வு அறையில் அது தலைகீழாகத்தான் ஞாபகம் வரும். விரலை ஓட்டும் வழி, கவிழ்ந்த வளைவுக்கும் உதவும்.

கடைசி இரண்டுக்கும் தன்மைக்காட்டி (நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து, வர்க்கக் கெழுவையும் மாறிலியையும் பெருக்கியதன் நான்கு மடங்கைக் கழித்தது) −8. எக்ஸ் அச்சை இரண்டுமே தொடாது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்காது. சமச்சீர் அச்சும் இரண்டுக்கும் எக்ஸ் = 1. அங்கே பிரதியிட்டால்தான் பிரிகின்றன: முனைகள் (1, 2), (1, 1). ‘ஒடுக்கமாக இருப்பது 2எக்ஸ்²’ என்று கண்ணை நம்ப வேண்டாம். படத்துக்குப் படம் அளவுத்திட்டம் மாறினால் அகலமும் மாறித் தெரியும். முனையிலிருந்து பக்கவாட்டில் ஓர் அலகு நகர்ந்து, எத்தனை அலகு ஏறுகிறது என்று அச்சின் எண்களைப் பார்த்து எண்ணட்டும். அந்த ஏற்றம்தான் வர்க்கக் கெழு. தொடர்ந்து நகர்ந்தால் ஏற்றங்கள் 1, 3, 5 என்று போகும். கெழு 2 ஆனால் 2, 6, 10. வரைபடத்தாளில் வரையும்போதும் இதை வைத்தே தவறான புள்ளியைப் பிடித்துவிடலாம்.

(எக்ஸ் + 3)² − 2 என்ற வடிவில் கேட்டால், அடைப்புக்குள் இருப்பதைப் பூச்சியமாக்கும் எண் எதுவென்று பார்க்க வேண்டும். அது −3, எனவே முனை (−3, −2).

பொருத்தி முடித்தபின் சரிபார்க்க எக்ஸ் = 1 எனப் போடலாம், கெழுக்களைக் கூட்டினாலே போதும்: 0, 8, 2, 1. இந்தக் கணக்கில் நான்கும் வேறாக அமைந்துவிட்டதால் இது ஒன்றே விடையைத் தந்துவிடும். படத்தை 6 வரைதான் வரைந்திருந்தால் 8 கண்ணில் படாது. அந்த வளைவுக்கு மட்டும் −1 போடட்டும், 0 வரும்.