கையை எடுத்தா அணையிற நெருப்பு

கேள்வி: அண்ணன், நான் கல்லடியில வீட்டிலயே கேக் செஞ்சு ஓடருக்குக் குடுக்கிறன். பழசா வாங்கின பெரிய காஸ் அவன் ஒண்டு இரிக்கி, உள்ளுக்கு பைலட் எண்டு ஒரு சின்ன நெருப்பு. நொப்பை அமத்திப் பிடிக்கும் மட்டும் எரியிது, கையை எடுத்தா பொக்கெண்டு அணையிது. பாக்க வந்த பாஸ், சேப்டி வால்வைக் கழட்டிட்டு நேரா பைப்பைக் குடுப்பம் எண்டார். செய்யலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: வேணாம் தங்கச்சி, அதை மட்டும் செய்ய விடாதீங்க. பைலட் நெருப்புக்குள்ள நுனி படுற மாதிரி ஒரு சின்ன உலோகக் குச்சி நிக்கும் பாருங்க, அதுதான் தெர்மோகப்பிள். ரெண்டு வகை உலோகத்தை ஒட்டவச்சது, நுனி சூடாகினா 20, 30 மில்லிவோல்ட் கரண்ட் வரும். டோர்ச் பற்றரி ஒண்டு 1.5 வோல்ட், அதில ஐம்பதில ஒரு பங்கு கூட வராது சில நேரம், ஆனா வால்வுக்குள்ள இருக்கிற காந்தம் வால்வைத் திறந்தபடி பிடிச்சு வச்சிருக்க அது போதும். நெருப்பு அணைஞ்சா குச்சி ஆறும், காந்தம் விடும், வால்வு மூடி காஸ் நிக்கும். இதைக் கழட்டிட்டா அணைஞ்சது தெரியாம காஸ் வந்துகொண்டே இருக்கும், எங்கட சிலிண்டர் காஸ் காத்தை விடப் பாரம், மேல போகாம குசினி நிலத்தில படுக்கும், பிரிட்ஜ் ஓன் ஆகிற ஒரு பொறி போதும். பிள்ளைகள் நடமாடுற வீடு தங்கச்சி அது.

முதல்ல நொப்பை நல்லா உள்ளுக்கு அமத்தி 30 செக்கன் பிடிச்சுப் பாருங்க, கனபேர் அஞ்சு செக்கன்ல கையை எடுக்கிறாங்க. நெருப்பு நீலமா குச்சி நுனியைச் சுத்தி எரியோணும். மஞ்சளா சோர்ந்து எரிஞ்சா பைலட் ஓட்டையில தூசி, இல்லாட்டி சிலந்தி வலை. ஊசியால குத்தாதீங்க, ஓட்டை பெருத்திரும், காத்தடிச்சு எடுக்கோணும். நுனியில கரி பிடிச்சாலும் சூடு ஏறாது, சிலிண்டரைப் பூட்டி, ஆற விட்டு, மெல்லிய சேண்ட் பேப்பரால தேச்சு விடுங்க. மறுகா, குச்சியில இருந்து போற மெல்லிய செப்புக் குழாய் வால்வில பூட்டுற இடம், கல்லடி மாதிரி கடல் ஓரத்தில நான் முதல் பாக்கிறது அதைத்தான், உப்புக்காத்துக்கு பச்சையா களிம்பு பிடிச்சிருக்கும், இவ்வளவு சின்னக் கரண்ட் அதைத் தாண்டிப் போகாது. துடைச்சு, கையால இறுக்கி, ஸ்பானரால கால் சுத்து மட்டும் திருப்புங்க. அதுக்கு மேல இறுக்கினா அதுவே பழுதாகும்.

இவ்வளவுக்கும் நிக்காட்டி தெர்மோகப்பிளை மாத்துங்க, பழசைக் கையோட கொண்டு போய் நீளமும் புரியும் ஒத்ததா வாங்குங்க. புதுசும் நிக்கல்ல எண்டா காந்தம் செத்திட்டு, வால்வையே மாத்தோணும். எதைக் கழட்டிப் பூட்டினாலும் சவுக்காரத் தண்ணி பூசி நுரை முட்டை வருதா எண்டு பாருங்க, வந்தா காஸ் கசியுது. அணைஞ்ச பிறகு 5 நிமிசமாவது பொறுத்துத்தான் திரும்பப் பத்தவைக்கோணும், மணம் வந்தா சுவிட்சைத் தொடாம சிலிண்டரைப் பூட்டி கதவு ஜன்னலைத் திறவுங்க. கச்சான் காத்து நேரா அடிச்சும் பைலட் அணையும், அப்ப காஸ் அவனைத் தள்ளி வைங்க, ஜன்னலை அடைக்காதீங்க.

கேள்வி: மகள் கனடாவில. குளிருக்கு எரிக்கிற சுவர் காஸ் அடுப்பிலயும் பைலட் நிக்குதில்லையாம். அதே வருத்தமா?
– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: ஓம் அம்மா, கனக்க அதே தெர்மோகப்பிள்தான், சிலதில தெர்மோபைல் எண்டு, கன தெர்மோகப்பிளைச் சேர்த்துக் கட்டின இன்னொண்டும் சேர்ந்து நிக்கும். புகைக்குழாயால காத்து திரும்பி வந்தும் அணையும். ஆனா அங்க கண்ணாடி போட்டு அடைச்ச அடுப்பு, புகை வீட்டுக்குள்ள திரும்பினா கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சுக் காஸ் சேரும், அதுக்கு மணமே இல்ல. மகள் தானே கழட்டாம லைசென்ஸ் உள்ள காஸ்காரரைக் கூப்பிடட்டும், கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்யுதா எண்டு இண்டைக்கே போன் எடுத்துக் கேளுங்க.