பல் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. இதுவரை பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொண்டதில்லை. துலக்கும்போது ரத்தம் வருகிறதே என்று போனேன்; ஸ்கேலிங் செய்ய வேண்டும் என்கிறார். செய்தால் எனாமல் தேய்ந்துவிடும், பல்லுக்குப் பல் இடைவெளி விழும், பிறகு ஆட ஆரம்பிக்கும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்னதான் செய்வார்கள்? வலிக்குமா?

பதில்: வீட்டில் சொல்வதில் ஒரு பாதி, கண்ணால் பார்த்த உண்மைதான். சுத்தம் செய்த பிறகு சிலருக்குப் பல் இடுக்கு தெரியும். ஒன்றிரண்டு பற்கள் லேசாக ஆடுவதும் தெரியும். ஆனால் அதற்குக் காரணம் சுத்தம் செய்தது அல்ல.

பல்லில் கிருமிகள் படர்ந்து உண்டாகும் மெல்லிய படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சில நாட்களிலேயே அது இறுக ஆரம்பிக்கும். அதுதான் காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அதிகம் சேரும். எச்சில் சுரப்பிகளின் குழாய்கள் திறப்பது அங்கேதான். இறுகிய காரை எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. அதன்மேல் மேலும் கிருமி படர, ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால், பலருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கும், ஈறு விலகும். அப்படி உண்டான காலி இடத்தைக் காரையே அடைத்துக்கொண்டு, ஆட்டம் கண்ட பற்களையும் ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும், முன்பே இருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளியே தெரிகின்றன. இடைவெளிக்குப் பயந்து காரையை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் கரையும். கரைந்தது தானாக வளர்ந்து வராது. உங்களுக்கு ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

எனாமலைப் பற்றியும் பயம் வேண்டாம். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. காரையை எடுக்கும் கருவியான ஸ்கேலரின் முனை பல்லைச் சீவுவதில்லை. நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்ந்து காரையை உடைத்து உதிர்க்கிறது. பழகிய கை முறையாகச் செய்தால் எனாமல் தேயாது.

நாற்காலியில் சாய்ந்ததும் முதலில் பரிசோதனை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழம் பார்ப்பார்கள். மருத்துவர் சொல்லும் எண்களைக் கவனியுங்கள்: 1 முதல் 3 வரை என்றால் பொதுவாக நல்லது, 4, 5 என்று ஏறினால் ஈறு நோய் உள்ளே இறங்கியிருக்கலாம். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு ஸ்கேலர். கீச்சென்ற சத்தம் வரும், கருவி சூடேறாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சும், அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூக்கால் மூச்சு விடுங்கள். ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கைக்கருவியால் எடுத்து, கடைசியில் பேஸ்ட் வைத்து மெருகூட்டுவார்கள். பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். காரை அதிகம் என்றால் இரண்டாம் முறை வரச் சொல்லலாம்.

வலியைவிடக் கூச்சம்தான் அதிகம் இருக்கும். வீங்கிய ஈறில் சுருக்கென்றிருக்கும், ரத்தமும் வரும். தாங்க முடியாவிட்டால் இடது கையைத் தூக்குகிறேன் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் உடனே நிறுத்துவார், மரத்துப்போக மருந்தும் தருவார். ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் ஊசி போட்டே செய்வார்கள்.

உட்காரும் முன் கட்டாயம் சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்), செயற்கை இதய வால்வு அல்லது பேஸ்மேக்கர் இருக்கிறதா, சர்க்கரை நோய் உண்டா. செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு முன்னதாகவே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். பெண்ணாக இருந்தால் கர்ப்பத்தையும் சொல்ல வேண்டும். கர்ப்பக் காலத்திலும் சுத்தம் செய்துகொள்ளலாம்.

பற்கள் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மேலே படிந்த கறை போகும், பல்லின் இயல்பான நிறம் மாறாது.

அடுத்த சில நாட்களுக்குக் குளிர்ச்சியும் சூடும் பல்லில் கூசலாம். கூச்சத்துக்கான பற்பசை உதவும். ஃப்ளோரைடு பூசியிருந்தால் எப்போது சாப்பிடலாம், எப்போது துலக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி அன்று இரவே மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதுதான் பலர் செய்வது. படலம் மறுபடி சேர்வதும் அங்கேதான். இரண்டு வாரத்துக்கு மேலும் துலக்கும்போது ரத்தம் நிற்கவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். அடுத்த முறை எப்போது என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஆறு மாதம் என்பது எல்லோருக்குமான கணக்கல்ல. ஈறு நோய் உள்ளவர்களை 3 மாதத்திலேயே வரச் சொல்வதுண்டு.