மலர்க் கண்காட்சியில் போட்டித் தோட்டம் அமைத்த அனுபவம் உண்டா? முதன்முறை இறங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று தடவை இறங்கியிருக்கிறேன். முதல் தடவை வெறுங்கை, இரண்டாம் தடவை மூன்றாமிடம், மூன்றாம் தடவை இரண்டாமிடம். முதலிடம் பெற்ற யாராவது வந்து பதில் எழுதும்வரை இதை வைத்துச் சமாளியுங்கள். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு வளவுக்குள்ளேயே பூங்கன்று வளர்த்து விற்பது என் தொழில். நான் கலந்துகொண்டவை எல்லாம் எங்கள் பகுதியில் நடந்த சிறிய கண்காட்சிகள். ஒருவருக்கு 12 அடிக்கு 10 அடி நிலம், கட்டி முடிக்க 3 நாள்.

காட்சித் தோட்டத்தைக் கூத்துக் களரியோடு ஒப்பிட்டால் எங்கள் ஊர்க்காரருக்கு உடனே விளங்கும். கட்டுகிறோம், ஆடுகிறோம், விடிந்ததும் பிரிக்கிறோம். நிலத்தில் எதுவும் நடப்படுவதில்லை. கன்றுகள் சாடியோடுதான் இறங்கும். சாடிகளை நெருக்கி அடுக்கி, இடைவெளிகளில் தும்புச்சோறு (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி, விளிம்பு தெரியாமல் மூடிவிடுவோம். வீட்டில் ஒரு கன்று வைக்கிற இடத்தில் இங்கே நான்கைந்து நிற்கும். அந்த நெருக்கத்தில் ஒரு மாதம் விட்டால் பாதி அழுகிவிடும். ஆனால் நமக்கு வேண்டியது சில நாள் மட்டுமே. கல், மரம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டு, பின்வரிசை உயரச் செடிகளிலிருந்து முன்விளிம்புக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் உங்கள் காலே உங்கள் பூவை மிதிக்கும். நான் மிதித்திருக்கிறேன்.

இந்தக் கலைக்குப் பெரிய களரி லண்டனில் இருக்கிறது. அரச தோட்டக்கலைச் சங்கம் 1913இல் செல்சியில் தொடங்கிய கண்காட்சி அது, மே மாதத்தில் நடப்பது. அங்கே பெரிய தோட்டம் கட்ட ஏறக்குறைய மூன்று கிழமை கிடைக்கிறது. முதலாம், இரண்டாம், மூன்றாம் என்ற வரிசை கிடையாது. தங்கம், தங்கமுலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று நான்கு தரப் பதக்கங்கள். தரம் இருந்தால் பலருக்கும் தங்கம் கிடைக்கும். நான் அங்கே போனதில்லை, போகும் வசதியும் இல்லை. ஆனால் அவர்களுடைய முறையில் ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டம் யாருக்காக, என்ன நோக்கத்துக்காக, எந்தச் சூழலைக் காட்டுகிறது என்று போட்டியாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார். எழுதியது நிலத்தில் நிற்கிறதா என்று நடுவர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். எங்கள் போட்டியிலும் அதுபோல ஓர் அட்டை எழுதி வைக்கச் சொன்னார்கள். நான் அதைக் கலியாண அழைப்பிதழ் வாசகம் மாதிரி அலங்காரமாக எழுதினேன். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வருடம் நான் செய்த மடத்தனம் நுவரெலியாவுக்குப் போனது. 1,800 மீற்றருக்கு மேலே குளிரில் வளர்ந்த ஹைட்ரேஞ்சியா, பிகோனியா என்று ஒரு பட்டா வாகனம் (சின்ன லொறி) நிறைய ஏற்றிக்கொண்டு வந்தேன். செலவுக் கணக்கை இன்றுவரை வீட்டில் காட்டவில்லை. அது வைகாசி மாதம், கச்சான் வீசத் தொடங்கும் காலம். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் சூடாக இறங்குகிற காற்று அது. காலை பத்து மணிக்கு ஹைட்ரேஞ்சியா இலைகள் நனைந்த கடதாசி போலத் தொங்கின. சாடி மண் ஈரமாகத்தான் இருந்தது. வேர் உறிஞ்சுவதைவிட வேகமாகக் காற்று இலையிலிருந்து இழுக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்னும் தண்ணீர் ஊற்றினேன். அதுவும் கிணற்றுத் தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கிற மணல் நிலத்தில் கோடையில் கிணறு எப்படிச் சவர்க்கும் என்று எங்கள் ஆட்களிடம் கேளுங்கள். மறுநாள் இலை விளிம்புகள் பொரிந்துவிட்டன.

பக்கத்து நிலத்தில் நிந்தவூரிலிருந்து வந்த ஓர் அம்மா, அடீனியத்தையும் கடதாசிப்பூவையும் (போகன்வில்லா) மட்டும் வைத்து முதலிடம் எடுத்தார். கடதாசிப்பூவில் இலையே தெரியவில்லை, அவ்வளவு பூ. எப்படி என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “இதற்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதுதான் வேலை, தம்பி” என்றார். கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பு கவாத்து வெட்டி, புதுத் துளிர் வந்த பிறகு தண்ணீரைக் குறைத்து, இலை சற்றுத் துவண்ட பிறகே அடுத்த தண்ணீர் கொடுத்திருக்கிறார். செல்சிக்காரர்களுக்குக் குளிரறையும் கண்ணாடி வீடும் உண்டு. பூக்கும் நாளைத் தள்ளியும் போடலாம், முன்னால் இழுக்கவும் செய்யலாம். எங்களிடம் இருக்கிற கடிவாளங்கள் தண்ணீர், கத்தரிக்கோல், நிழல்வலை, இவ்வளவுதான். இந்த மூன்றையும் வைத்து நாள் குறிக்கத் தெரிந்தால் போதும்.

இரண்டாம் வருடம் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. அட்டையில் “வாவிக்கரையில் ஒரு காலைப்பொழுது” என்று எழுதினேன். நடுவில் ஒரு சிறிய நீர்நிலை, அதில் வெள்ளை ஆம்பல். கரையில் மணல், மணலில் அடம்பன் கொடி, பின்னால் எங்கள் வேலித் தாழை, ஓரமாகக் கிடுகுப் படலும் செவ்வரத்தையும். கண்டல் வைத்தால் இன்னும் பொருந்தும் என்று மச்சான் சொன்னார். கண்டல் காடு பாதுகாக்கப்பட்டது. அதில் ஒரு கன்றைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று மறுத்துவிட்டேன். நீங்களும் மறுத்துவிடுங்கள்.

அடம்பனைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையில் காடாகக் கிடக்கிறதே, போட்டிக்கு முதல்நாள் இழுத்து வந்து பரப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிடுங்கிய கொடி அரை மணித்தியாலத்தில் துவண்டுவிடும். கணுக் கணுவாக வெட்டி, ஆழமில்லாத தட்டுகளில் கடற்கரை மணல் நிரப்பி, வேர் பிடிக்க ஆறு கிழமை விட்டேன். பிறகு தட்டோடு புதைத்து, தட்டின் விளிம்பின் மேல் மணலைத் தூவினேன். கொடி தானாக ஊர்ந்து வந்த மாதிரியே இருந்தது. மூன்று வருடத்திலும் எனக்கு மனம் நிறைந்த ஒரே வேலை அதுதான்.

நீர்நிலைக்கு ஓர் அடி ஆழம் போதும். கறுப்புப் பொலித்தீனை இரட்டையாக விரித்து, ஓரத்தை மணலுக்குள் மடித்துவிட வேண்டும். ஆம்பல் சாடிக்குப் படுவான்கரை வயலிலிருந்து களிமண் எடுத்தோம். களிமண்ணுக்கு மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பருமணல் போடாவிட்டால் தண்ணீர் தேநீராகிவிடும். தண்ணீரை இரண்டு நாள் முன்பே நிரப்பித் தெளிய விட்டோம். அதற்குள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டார். தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு. அவர் கேட்டதில் பிழையில்லை. மருமகன் ஓடிப்போய் ஒரு போத்தலில் நுளம்புக் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் கொண்டுவந்து விட்டான். பார்க்க வந்த ஒரு சின்னப் பிள்ளை குனிந்து, “இந்த மீன் பாடுமா?” என்று கேட்டது. மீன் பாடும் தேன்நாடு என்று பெயர் வாங்கிய மட்டக்களப்பில் பிறந்த பிள்ளை வேறு என்ன கேட்கும்.

நடுவர்கள் வருகிற அன்று விடியற்காலை போய்ப் பார்த்தால், செவ்வரத்தைச் செடிகளில் ஒரு பூ இல்லை. திடலின் இரவுக் காவலாளி வயதானவர். அவருடைய கதிரைக்கு மேலே பிள்ளையார் படம், படத்தைச் சுற்றி என் செவ்வரத்தை முழுவதும். “நல்ல பூ, மகன். சாமிக்குத்தான் எடுத்தேன்” என்றார். அதுவும் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற மாதம். பூ பறித்தவரோடு யார் சண்டை பிடிப்பது? வீட்டில் மிச்சம் நின்ற சாடிகளை முச்சக்கரவண்டியில் ஏற்றி வந்து மாற்றினேன். நான்கு சாடி தேவையென்றால் ஐந்து வளர்ப்பதை அன்றைக்குத்தான் பழகினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அழகாகவே இருந்தது. ஏழு மணிக்கு ஆம்பல் ஐந்தும் முழுதாக விரிந்து நின்றன. அடம்பன் ஊதா நிறத்தில் மலர்ந்திருந்தது. பழைய சாரத்துணியை நனைத்துத் தாழை ஓலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் படம் எடுத்தார்கள். நடுவர்கள் வந்தது பிற்பகல் இரண்டு மணிக்கு.

ஆம்பல் இரவில் விரிவது. இளவெயில்வரை தாங்கும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அடம்பன் பூவும் பிற்பகலில் சுருண்டுவிடும். சந்திரனைக் கண்டு மலரும் ஆம்பல் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பாட்டு மனப்பாடம் செய்திருப்போம்! ஆம்பல் வளர்த்து விற்கிறவனுக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. நடுவர்களில் மூத்தவரான ஓர் அம்மா அட்டையை வாசித்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி அட்டையை வாசித்தார். “காலை முடிந்துவிட்டதா, தம்பி?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே விசாரித்த குரல். பிறகு முன்வரிசையில் ஓர் இலையைப் பிடித்து விரலால் விளிம்பைத் தடவினார். காய்ந்த நுனியை இலையின் வடிவத்துக்கே கத்தரித்து வைத்திருந்தேன். பத்து அடி தள்ளி நின்றால் எவருக்கும் தெரியாது. “சவர்த் தண்ணீரா?” என்றார். ஆம் என்றேன். குறித்துக்கொண்டார்.

மூன்றாமிடம் கிடைத்தது அடம்பனுக்காகத்தான் என்று பின்னர் அவரே சொன்னார். இரவு ஒன்பது மணிக்குச் சாமான் எடுக்கப் போனபோது ஆம்பல் ஐந்தும் மறுபடி விரிந்திருந்தன. பார்க்கக் காவலாளி மட்டும்தான் இருந்தார்.

இனி நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். நிலம் எந்தத் திசை பார்த்தது, நிழல் எப்போது விழும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். முடிந்தால் மழைத் தண்ணீர் சேமித்துக் கொண்டுபோங்கள். மார்கழி மழையைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால், மென்மையான இலைச் செடிகளுக்காவது உதவும். சாடிகளைக் கண்காட்சிக்கு ஒரு கிழமை முன்பே வீட்டில் அதே நெருக்கத்தில் அடுக்கிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திடலில் நின்று யோசிக்க நேரம் இருக்காது. அட்டையில் குறைவாக எழுதுங்கள். நடுவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பூவைத் தீர்மானியுங்கள்.

இதை நான் வாயால் மட்டும் கேட்டேன். மூன்றாம் வருடம் நடுவர்கள் பிற்பகல்தான் வருவார்கள் என்றார்கள். பகலில் விரிகிற நீலோற்பலத்தை வைத்து, அட்டையில் “வாவிக்கரையில் ஒரு நண்பகல்” என்று எழுதினேன். காலை ஏழு மணிக்கு, மொட்டு எல்லாம் இறுக மூடியிருக்கும்போது, அந்த அம்மாவே முதல் ஆளாக வந்து நின்றார்.