புத்ஜெஸ் என்றொரு வீரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதியதைப் பார்த்து இரண்டு செக் நாவல்களைப் படித்தேன். 'ஹ்ர்தீ புத்ஜெஸ்' முழுக்கவும் 'ஹனா'வின் முதல் பகுதியும் சிறுமிகள் சொல்வதாக வருகின்றன. நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இவற்றில் சுயவிசாரணை இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு ஏது சுயவிசாரணை? எனக்கு வெறும் பால்யகால ஏக்கமாகவே பட்டது.

ரமணி

அன்புள்ள ரமணி,

ஏக்கமா? 'ஹ்ர்தீ புத்ஜெஸ்' நாவலில் கதை சொல்லும் எட்டு வயது ஹெலென்காவின் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப்போக யாராவது ஆசைப்படுவார்களா!

இரேனா டோவ்ஸ்கோவா 1998இல் வெளியிட்ட அந்த நாவலின் தலைப்பையே பாருங்கள். பள்ளியில் சொல்லித்தரும், நெய்மன் என்ற செக் கவிஞரின் கவிதையில் 'ஹ்ர்தீ புத், ஜெஸ் வித்ர்வல்' என்று ஒரு வரி. 'தாக்குப்பிடித்தாய் என்று பெருமைகொள்' என்று பொருள். 'புத்', 'ஜெஸ்' இரண்டும் தனித்தனிச் சொற்கள். ஹெலென்காவின் காதில் அவை ஒட்டிக்கொண்டு ஓர் ஆளின் பெயராகிவிடுகின்றன. புத்ஜெஸ் என்றொருவன் எதற்கும் அசையாமல் தாக்குப்பிடித்தான் என்று நம்பி, அவனைப்போல இருக்கப் பார்க்கிறாள்.

அது எழுபதுகளின் தொடக்கம். 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் வந்த பிறகு, வீட்டில் ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு என்று பெரியவர்கள் பழகிவிட்ட காலம். அந்தக் கவிதையோ, பொய்ப் பேச்சால் வாயைக் கறைப்படுத்தாதவனைப் பாராட்டுகிறது! இந்த முரண் ஹெலென்காவுக்குத் தெரியாது. 1964இல் பிறந்து அதே காலத்தில் பள்ளிக்குப் போன டோவ்ஸ்கோவாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் குறுக்கே வந்து விளக்கவில்லை. 'அன்றைக்கு எனக்கு இவ்வளவுதான் புரிந்தது' என்று ஒத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார். நான் விசாரணை என்றது இதைத்தான். சில இடங்களில் நகைச்சுவை எட்டு வயதுக்கு மிஞ்சிப்போகிறது என்பது வேறு விஷயம்.

இந்த நாவல் மேடைக்கும் போனது. ஹெலென்காவாக நடித்த பார்போரா ஹ்ர்ஸானோவாவும் 1964இல் பிறந்தவர்தான். 2002இல் நாற்பதை நெருங்கிய ஒரு பெண் எட்டு வயதுக் குரலில் பேசுகிறார். பார்ப்பவர்களுக்கு இரண்டு வயதும் ஒரே சமயத்தில் தெரியும்.

அப்புறம் 'ஹனா'. அலெனா மோர்ன்ஷ்டாய்னோவா எழுதிய இந்த நாவலின் மீராவுக்கு 9 வயது. 1954இல் வலாஷ்ஸ்கே மெஸிர்ஷீச்சி என்ற செக் ஊரில் பரவிய டைபாய்டு அவள் குடும்பத்தையே கொண்டுபோகிறது. சொன்ன பேச்சைக் கேட்காததற்குத் தண்டனையாக, நோய்க்கிருமி இருந்த கேக் அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் பிழைக்கிறாள். எப்போதும் கறுப்பு உடையில், பேச்சே இல்லாமல் இருக்கும் பெரியம்மா ஹனாவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மூன்றாம் பகுதியில் அந்தப் பெரியம்மாவே பேசுகிறாள். அதை முடித்த கையோடு, மீரா அவளைப் பற்றி முதலில் சொன்ன இடங்களை மட்டும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அப்போதும் ஏக்கம் என்று பட்டால் எழுதுங்கள், சண்டை போடலாம்.