பழைய படத்தில் மவுண்ட் ரோடு

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மவுண்ட் ரோட்டின் (சென்னையின் இன்றைய அண்ணா சாலை) பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் தேதி இல்லை. எந்தக் காலத்துப் படம், எங்கிருந்து எடுத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: முதலில் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு சாலையைப் பாருங்கள், கட்டடங்களை அப்புறம் பார்க்கலாம். தரையில் தண்டவாளமும் மேலே கம்பியும் இருந்தால் டிராம் ஓடிய காலம். சென்னையில் மின்சார டிராம் 1895-ல் தொடங்கி 1953-ல் நின்றது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் வெள்ளைக் கட்டடம் தெரிந்தால் 1904-க்குப் பிந்தையது. வானத்தைத் தொடுகிற மாதிரி எல்.ஐ.சி. கட்டடம் நின்றால் 1950-களின் கடைசியோ அதற்கும் பிறகோ. கடைப் பலகையின் எழுத்துகளையும் படியுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப்போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். இதைக் கவனிக்காவிட்டால் சாலையின் எதிர்ப்பக்கத்திலேயே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இடம் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். படத்தில் இன்றும் நிற்கிற இரண்டு பொருள்களைப் பிடித்துக்கொள்வேன், ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில். கிட்டே இருப்பது தூரத்துக் கட்டடத்தின் எந்த ஜன்னலை மறைக்கிறது என்று குறித்துக்கொண்டு, நேரில் போய் அதே ஜன்னல் மறையும்வரை நகர்வேன். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் மனசு துள்ளும். ஞாயிறு விடியற்காலையில் போங்கள், பஸ் தொல்லை குறைவு. அசலை வீட்டில் வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துப் போங்கள். ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் சைக்கிள்காரரை மறக்காமல் பாருங்கள், எனக்கு எப்போதும் அவர்கள்தான் முக்கியம்.